ரங்கநாதன் தெருக் கூட்டத்தை இருபது நிமிடத்தில் வரைய

தி.நகர் ரங்கநாதன் தெருவை வரைபவர்கள் பலரும் முதலில் கடைகளைப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் ஆட்களைச் செருகுகிறார்கள். படம் கெடுவது அங்கேதான். அந்தத் தெருவுக்கு உயிரே கூட்டம். அதை முதலில் போடுங்கள்.

ஏ5 அளவில் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள், 0.5 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பேனா, தூரிகை முனையுள்ள கறுப்பு பிரஷ் பேனா, வாட்டர்கலரில் இரண்டு மூன்று நிறம் போதும். ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மைகள் தண்ணீர் பட்டால் கரைந்து நிறத்தை அழுக்காக்கும். ரப்பரும் வேண்டாம், அழிக்க வழி இருந்தால் கை தயங்கும்.

மாம்பலம் ரயில் நிலையப் பக்கம், நடப்பவர்களுக்கு இடைஞ்சலில்லாமல் ஓரமாக நின்று, உஸ்மான் ரோடு திசையில் பாருங்கள். காலை வெளிச்சம் எதிரே இருந்து வருவதால் ஆட்கள் வெறும் நிழலுருவமாகத் தெரிவார்கள். முகம், சட்டை மடிப்பு எதையும் தேட வேண்டாம்.

தாளை நெடுக்காக வைத்து, அடியிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் லேசாக ஒரு கிடைக்கோடு போடுங்கள். இதுதான் உங்கள் கண்மட்டம். தெருவில் நிற்கும் பெரியவர்கள் எல்லாருடைய தலையும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் வரும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். மாறுவது பாதம் மட்டும்: கிட்டே வர வர பாதம் கீழே இறங்கும். தூரத்து ஆளைச் சின்னதாக்குகிறேன் என்று தலையைக் கோட்டுக்குக் கீழே இறக்கினால், அவர் பள்ளத்தில் நிற்பது போலாகிவிடும். குழந்தைகளின் தலை மட்டும் கீழே வரலாம். ஸ்டூலில் உட்கார்ந்தோ மேம்பாலத்திலிருந்தோ வரைந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

மிக அருகில் உள்ளவர் 6 செ.மீ. உயரம் என்றால் தலை 8 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்டினால் பெரியவர் சிறுபிள்ளையாகிவிடுவார். உடம்புக்கு கேரட் வடிவம்: தோள் அகலம், கீழே குறுகல். இரண்டு காலையும் ஒரே மட்டத்தில் முடித்தால் ஆள் நின்றுவிடுவார், ஒன்றைக் குட்டையாக விட்டால் நடப்பார். சேலைக்குக் கால் வேண்டாம், கணுக்கால் வரை ஒரே இழுப்பு. துணிக்கடைப் பை முழங்கால் பக்கத்தில் ஒரு சதுரம். பை கனமென்றால் அந்தத் தோளை 1 மி.மீ. இறக்குங்கள், பாரம் தெரிந்துவிடும்.

இப்படி மூன்று பேர் போதும். ஆட்களைத் தனித்தனியாக நட்டால் கம்பம் நட்ட மாதிரி இருக்கும். பின்னால் உள்ளவர்களை ஒரே திரளாக இணைத்து, மேலே தலைகள், அடியில் அங்கங்கே நாலைந்து கால்கள் மட்டும் காட்டுங்கள்.

கட்டடங்களுக்கு ஐந்து நிமிடம். கண்மட்டக் கோட்டில், நடுவிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு புள்ளி வைத்து, கடைப் பலகைகளின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் அதை நோக்கி இழுங்கள். பலகை எழுத்து வெறும் கிறுக்கலாக இருக்கட்டும். படிக்கும்படி எழுதினால் கண் அங்கேயே நின்றுவிடும்.

கடை வாசல்களின் உள்ளிருட்டை பிரஷ் பேனாவால் அடைத்தால் முன்னால் உள்ள தலைகள் எடுப்பாகும். மை நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். சென்னைப் புழுக்கத்தில் காய நேரமாகும். அருகில் உள்ள ஒரு சேலைக்கு மட்டும் அழுத்தமான சிவப்பு கொடுத்து, நடுத்தெருவில் ஒரு கீற்று வெள்ளைத் தாளை அப்படியே விடுங்கள்.