புரோட்டான் ஸ்பின் அளக்குறதுல பசங்க வழுக்குற இடங்கள்

தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல பிசிக்ஸ் படிக்கிற நம்ம தமிழ் பசங்களுக்கு சொல்லிக் கொடுக்குறப்போ, புரோட்டான் ஸ்பின் பாடம் (ஸ்பின்னா துகளுக்கு இயல்பாவே இருக்குற சுழற்சி மாதிரி குணம்; புரோட்டான் ஸ்பின்ல உள்ள இருக்குற குவார்க், அதுங்களை ஒட்டி வைக்கிற குளூவான் இதுங்களுக்கு எவ்ளோ பங்குன்னு பாக்குறது) வந்தாலே அதே தப்புங்கதான் திரும்பத் திரும்ப வருது.

முக்கியமான தப்பு, டிடெக்டர்ல வந்த அசிமெட்ரியையே விடைன்னு எழுதிடுறது. பீம் (பாய்ச்சுற துகள் கற்றை) ஸ்பின்னும் டார்கெட் (அது மோதுற பொருள்) ஸ்பின்னும் ஒரே பக்கமா இருக்கப்போ எத்தனை மோதல், எதிரெதிரா இருக்கப்போ எத்தனைன்னு எண்ணி, வித்தியாசத்தை கூட்டுத்தொகையால வகுத்தா வர்ற நம்பர் அது, அவ்ளோதான். அதை பீம் போலரைசேஷன், டார்கெட் போலரைசேஷன் (ஸ்பின்னுங்க எந்த அளவு ஒரே திசையில நிக்குதுன்றது), டைல்யூஷன் ஃபேக்டர் (டார்கெட்ல நமக்கு வேண்டிய புரோட்டானோட பங்கு) மூணாலயும் வகுக்கணும். கடைசி ஒண்ணைத்தான் விட்டுடுறாங்க. டார்கெட் உறைஞ்ச அம்மோனியான்னு வைங்க, மூலக்கூறுக்கு 17 நியூக்ளியான், அதுல நமக்கு வேண்டிய ஹைட்ரஜன் புரோட்டான் 3தான், மீதி 14ம் நைட்ரஜனோடது, அதுமேல பட்டு வர்றதையும் டிடெக்டர் எண்ணிக்கிட்டேதான் இருக்கும். 3/17ன்னா சுமார் 0.18. பீம் 0.8, டார்கெட் 0.85ன்னு எடுத்து மூணையும் பெருக்கினா 0.12. நிஜ அசிமெட்ரி 0.05 இருந்தாலும் கைக்கு வர்றது 0.006! 10,000 மோதல் எண்ணினா புள்ளியியல் பிழையே 0.01, சிக்னல் அதுக்குள்ள முழுகிடும். பத்து லட்சம் எண்ணினாதான் பிழை 0.001க்கு இறங்கும்.

அப்புறம், இன்னைக்கு ஸ்பின் ஒரு பக்கம், நாளைக்கு மறுபக்கம்னு ப்ளான் போடுறது. நடுவுல டிடெக்டர் திறன் ஒரு சதவீதம் நகர்ந்தாலே 0.005 பொய் அசிமெட்ரி வந்துடும், தேடுறதே 0.006 தானே. அதனாலதான் ஐரோப்பாவோட துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன்ல காம்பஸ் சோதனைக் குழு டார்கெட்டை துண்டு துண்டா பிரிச்சு, எதிரெதிர் ஸ்பின்னோட ஒரே பீம்ல வெச்சு, அப்பப்போ திசையையும் மாத்துனாங்க. ரொம்ப அழகான வேலை அது.

கேப் டவுன் பக்கம் ஐதெம்பா லேப்ஸ்ங்கிற ஆய்வகத்துலயே இதை செய்யலாமேன்னு ஆசையா கேக்குறாங்க. அங்க சைக்ளோட்ரான் (துகளை வேகப்படுத்துற மெஷின்) தர்றது 200 எம்இவி கிட்ட, காம்பஸ் மியூவான் (எலக்ட்ரான் மாதிரி, ஆனா கனமான துகள்) பீம் 160 ஜிஇவி, 1 ஜிஇவின்னா 1000 எம்இவி, குவார்க் தெரியணும்னா பல ஜிஇவி எனர்ஜி வேணும்.

1980கள் கடைசியில செர்ன்ல நடந்த இஎம்சி சோதனை குவார்க் பங்கு ரொம்ப கம்மின்னு சொன்னதும் ஸ்பின் நெருக்கடின்னு பேர் வந்துச்சு, அதைக் கேட்டு புரோட்டான் ஸ்பின்னே ½ இல்லையோன்னு நினைச்சுக்காதீங்க, அதுல சந்தேகமே இல்ல, யார் பங்கு எவ்ளோன்றதுதான் கேள்வி. இப்போ குவார்க் ஸ்பின் பங்கு சுமார் 30 சதவீதம், ஆனா மீதி 70ம் குளூவான்தான்னு போட்டுடாதீங்க, உள்ள சுத்துற இயக்கத்துக்கும் பங்கு இருக்கு, அமெரிக்காவோட புரூக்ஹேவன் ஆய்வகத்துல ரிக் கொலைடர் மோதல்ல குளூவான் பங்கு பாசிட்டிவ்னு வந்தது x (புரோட்டான் உந்தத்துல அந்த குளூவான் சுமக்குற பங்கு) சுமார் 0.05க்கு மேல மட்டும், அதுக்குக் கீழ இன்னும் சரியா அளக்கல, புரூக்ஹேவன்ல வரப்போற எலக்ட்ரான்-அயான் கொலைடர் அதுக்குத்தான்.