கீரையைக் கொத்தாகப் பிடுங்காதீர்கள்: மழைக்குப் பின் தானாய் முளைப்பவற்றைப் பறிக்கும் முறை

இளவேனில் முடியும் தறுவாயில் மண் நன்றாகச் சூடேறியிருக்கும். அதன்மேல் ஒரு நல்ல மழை விழுந்தால் தரிசிலும் வரப்போரத்திலும் யாரும் விதைக்காத கீரைகள் கிளம்பிவிடும். மழை பெய்த இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை பறிக்கலாம். பூவும் கதிரும் வந்துவிட்டால் தண்டு நாராகிவிடும், இலையும் கசக்கத் தொடங்கும்.

பருப்புக்கீரையைத் தனியாக எடுத்துக் காட்டினால் அடையாளம் சொல்வது எளிது. ஆனால் அது தனியாக வளர்வதில்லை. கொத்தாகப் பிடித்து இழுத்தால் நல்ல கீரை பத்துத் தண்டோடு ஆகாத செடி ஒன்றும் கூடவே வரும். அதனால் தண்டு தண்டாகக் கிள்ளுங்கள், கிள்ளும்போதே ஒவ்வொன்றையும் பாருங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் வீட்டுக்குப் போய் ஆய்ந்துகொள்ளலாம் என்று விட்டால், வாடிய இலைகளில் எது எதுவென்று தெரியாது.

இடத்தை முதலில் பாருங்கள். போக்குவரத்து மிகுந்த சாலையோரம், ரயில் பாதை, சாக்கடைக் கரை, பழைய பெயின்ட் உதிரும் சுவரடி எல்லாம் வேண்டாம். ஈயம் போன்ற உலோகங்கள் மண்ணிலேயே தங்கியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் இலைக்குள் ஏறியது போகாது. களைக்கொல்லி இன்னும் நயவஞ்சகமானது. தெளித்துச் சில நாள் வரை செடி பச்சையாகவே நிற்கும், பிறகுதான் மஞ்சளாகும். சுற்றியுள்ள புல் பட்டையாக வெளுத்திருந்தாலோ, தளிர்கள் முறுக்கிக்கொண்டிருந்தாலோ அங்கே கை வைக்காதீர்கள். யாருடைய நிலம் என்று கேட்டுக்கொண்டால், மருந்து அடித்தார்களா என்பதும் தெரிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான்கு செடிகள் போதும்.

பருப்புக்கீரை தரையோடு படரும். தண்டு உருண்டை, வழவழப்பு, பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். இலை கரண்டி வடிவில் தடிப்பாக இருக்கும், பூ மஞ்சள். இதனூடேயே பின்னிக்கொண்டு வளர்வது சித்திரப்பாலாடை. அதுவும் படரும், அதன் தண்டும் சிவக்கும். ஆனால் அதன் தண்டு நூல்போல மெல்லியது, இலையில் சதைப்பற்று இல்லை, ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பருப்புக்கீரையை ஒடித்தால் நீர்தான் கசியும். ஒரு கிளையை ஒடித்துப் பார்த்துவிட்டு மொத்தப் படர்வையும் அள்ளுவதுதான் இங்கே நடக்கும் தவறு. இரண்டும் ஒரே விரிப்பாகக் கிடக்கும், ஆகவே ஒவ்வொரு கிளையையும் ஒடித்துப் பாருங்கள். இந்தக் கீரையின் புளிப்பு, பறிக்கும் நேரத்தைப் பொறுத்தது. இரவில் மாலிக் அமிலம் சேர்வதால் விடியற்காலையில் பறித்தது நன்றாகப் புளிக்கும், பிற்பகலில் பறித்தது மிதமாக இருக்கும்.

குப்பைக்கீரை நிமிர்ந்து வளரும். இலைக்காம்பு நீளம், நரம்புகள் தெளிவாகத் தெரியும், இலை நுனியில் சிறு பிளவு இருக்கும். கணுவில் இரண்டு முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதையும் தின்னலாம், தளிரை மட்டும் கிள்ளுங்கள். எச்சரிக்கை வேண்டியது ஊமத்தை நாற்றைப் பற்றித்தான். அதுவும் இதே குப்பைமேட்டில், இதே மழைக்கு முளைக்கும். நான்கு இலைப் பருவத்தில் பூவும் இல்லை, முட்காயும் இல்லை. இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒரு கெட்ட வாடை வரும், இலையடி இருபுறமும் சமமாக இராது. ஒரு சாண் உயரம்கூட வராத நாற்றுகளைப் பறிக்காமல் விடுவதே நல்லது.

மணத்தக்காளி இலை சமைத்தால் மட்டுமே உணவு. மேலே சொன்ன வாரக் கணக்கு இதற்குப் பொருந்தாது: செடியில் பழுத்த கரும்பழம் கொத்தாகத் தொங்குவதைக் கண்டபின் அந்தச் செடியில் பறியுங்கள், பழம் வராத செடியை ஊகத்தில் தொடாதீர்கள். பச்சைக்காயில் சொலனின் என்னும் நஞ்சு உண்டு. பழுத்ததை மட்டும் தின்னுங்கள்.

புளியாரைக்குக் காம்புக்கு மூன்று இலை, ஒவ்வொன்றும் இதய வடிவம், பூ மஞ்சள். சுவைக்காக ஒரு பிடி சேர்க்கலாம், அதற்குமேல் போனால் சிறுநீரகக் கல்லுக்கு வழிவிடும் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகமாகிவிடும்.

“வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்பதை நம்பாதீர்கள். நஞ்சு கசந்தே ஆகவேண்டும் என்றில்லை.

நுனியிலிருந்து நான்கு விரற்கடை அளவு கிள்ளினால் போதும். கீழே இரண்டு மூன்று கணுக்களை விட்டால் செடி மீண்டும் கிளைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வகைக்கு ஒரு துணிப்பை வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் நடந்தால் கீரை புழுங்கிக் கறுத்துவிடும். இருவருக்குக் கால் கிலோ பச்சைக்கீரை வேண்டும்; வெந்தால் அது ஒரு கிண்ணம்தான்.

அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்துக் கீரையை அலசி, கையால் மேலே அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் படிந்த மணல் திரும்பவும் இலைமேல் வந்துவிடும். அடியில் மண் தெரியாமல் போகும் வரை இப்படி அலசுங்கள், மூன்று தண்ணீராவது ஆகும். குளத்தோரம், வாய்க்காலோரம் பறித்த எதையும் பச்சையாகத் தின்னாதீர்கள். ஈரல் புழுவின் இளம்புழுக்கள் அந்த இலைகளில் ஒட்டியிருக்கக்கூடும்.

குப்பைக்கீரை, குறிப்பாக உரம் போட்ட மண்ணிலும் வறட்சியில் வாடிய இடத்திலும் வளர்ந்தது, நைட்ரேட்டைச் சேர்த்துவைக்கும். நிறைய நீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். சத்து வீணாகிறதே என்று சிலர் அந்த நீரையும் குடிக்கிறார்கள்; இதில் அந்தச் சிக்கனம் வேண்டாம். கரையும் ஆக்சலேட்டும் அதோடு போகும். மிச்சத்துக்குத் தயிரோடு சேர்த்து உண்பது உதவும், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். புளியாரையை அலுமினியத்திலோ வெள்ளீயம் பூசாத பித்தளையிலோ சமைக்காதீர்கள். சமைத்த கீரையை வெளியில் வைத்து மறுவேளைக்கு உண்ண வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டபின் உண்பது நல்லது. கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

முதன்முறை உண்ணும் கீரையென்றால் ஒரு வகை மட்டும், வேகவைத்தது இரண்டு கரண்டி; மறுநாள் வரை பொறுத்திருங்கள். சமைக்குமுன் ஒவ்வொரு வகையிலும் ஒரு தண்டை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாய் வறட்சி, கண்மணி விரிதல், பிதற்றல், விடாத வாந்தி என்று ஏதாவது வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அந்தத் தண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.