மழை வந்தால் கரண்ட் போகும்: செந்தூல் வீட்டில் கிடைத்த காரணம்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வாங்கிய முதல் வீடு ஒரு பழைய டெரஸ் வீடு. குடிவந்த இரண்டாவது வாரமே, சாயங்கால மழை பிடித்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழத் தொடங்கியது. ஏர்கான் போட்டால் விழும், சோறு குக்கர் போட்டாலும் விழும்.

முதலில் ஏர்கானைச் சர்வீஸ் செய்தேன். அப்புறம் 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியையே புதிதாக மாற்றச் சொன்னேன், வீண் செலவு. எம்சிபிகளை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கியும் பார்த்தேன், வாசல் விளக்கு உட்பட. எதை இறக்கினாலும், மற்றதில் லோடு ஏறியதும் விழுந்தது. ஐந்து நாள் இப்படியே போனது.

உரிமம் பெற்ற வயர்மேன் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் பெட்டியில் உள்ள எம்சிபி கரண்ட் வரும் லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இணைந்தே இருக்கும். அந்த நியூட்ரல் எங்கோ எர்த்தை (தரையோடு இணைந்த பாதுகாப்பு வயரை) தொட்டால், வீட்டில் எதைப் போட்டாலும் திரும்பிவரும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவும், ஆர்சிசிபி விழும்.

மெயினை அணைத்து, சாமான்களின் பிளக்கையெல்லாம் எடுத்துவிட்டு, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட் மெகரில் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவியில்) அளந்தார். வாசல் விளக்கின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம்! விளக்குக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியில் மழைநீர் தேங்கி, வயரின் தோல் உரிந்து கிடந்தது.

வயரை மாற்றி, பிளாஸ்டிக் பெட்டி பொருத்தி, மேல் விளிம்பையும் பக்கங்களையும் சிலிகானால் அடைத்தோம். கீழ் விளிம்பை மட்டும் அடைக்கவில்லை, புகுந்த நீர் வழிய வேண்டுமே. நேற்று ஒரு மணி நேரம் கொட்டியது, ஏர்கானும் ஓடியது, ஆர்சிசிபி விழவில்லை.