பாறையில் ஜீப் ஏற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

விடியற்காலை நான்கு மணிக்குச் சூரியநெல்லியில் ஜீப் ஏறினால், கொழுக்குமலை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரம் என்னவோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தேயிலைத் தோட்டம் இருப்பது நம் தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதை மட்டும் கேரளத்துப் பக்கமிருந்து. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதிக்கு மேல் உருண்டு கிடக்கும் கல்தான். முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவர் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு போனேன். ஸ்டியரிங்கைச் சுற்றிப் பிடித்திருந்தது எட்டு விரல்கள்தான். கட்டை விரல் இரண்டும் வளையத்தின் மேலேயே படுத்திருந்தன. ஏன் என்று கேட்டேன். "உள்ள விட்டா ஒடிஞ்சிரும் தம்பி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

முன்சக்கரம் கல்லில் இடறினால் அந்த அடி ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் திரும்பி வரும். வளையம் படக்கென்று சுற்றும்போது, உள்ளே கோத்திருக்கும் கட்டை விரல் குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் வந்தபின் இந்த உதறல் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற ஜீப் வகை வண்டிகளை வாங்கிய நண்பர்கள் பலர் இப்போது வார இறுதியில் கல்லும் பாறையும் தேடிக் கிளம்புகிறார்கள். இந்த விளையாட்டுக்கு அமெரிக்காவில் ராக் க்ராலிங் என்று பெயர். கலிஃபோர்னியாவில், ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரிப் பக்கம் போகும் ரூபிகான் பாதை இதன் தாய்வீடு மாதிரி. 1953இல் 55 ஜீப்புகளில் 155 பேர் அதைக் கூட்டமாகக் கடந்தார்கள். அந்தக் கூட்டுப் பயணம் பிறகு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. மொத்தமே சுமார் 22 மைல். இன்றும் பெரும்பாலானவர்கள் நடுவில் ஓர் இரவாவது தங்கித்தான் கடக்கிறார்கள். க்ரால் என்றால் தவழ்வது. நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு, தவழ வேண்டிய இடத்தில் பாய்வது.

"மிதி மிதி, ஏறிடும்!"

இதை யாராவது கத்தினால் காதில் வாங்காதீர்கள். ஆக்ஸிலின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு: எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ, அதற்கே சுற்றலை விட்டுக்கொடுக்கும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் தரையை விட்டு எழுந்தால், இரண்டும் அந்தரத்தில் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் என்ன ஆகும்? வேகமாகச் சுற்றும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடிக்கும். அந்த ஒரு நொடி அதிர்ச்சியில் உடைவது சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் ஆக்ஸில் ஷாஃப்ட் அல்லது அதன் மூட்டான சிவி ஜாயின்ட். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பியிருக்கும் நிலையில் மிதித்தால் சிவி ஜாயின்ட் இன்னும் சீக்கிரம் போகும். முதலில் சக்கரத்தை நேராக்குங்கள், அப்புறம் மிதியுங்கள்.

இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் தாரின் சில மாடல்களில் பின் ஆக்ஸிலில் வரும் மெக்கானிக்கல் லாக்கர், சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஜிம்னியில் லாக்கரே கிடையாது; சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கி, சுற்றலை மறுபக்கத்துக்குத் தள்ளும் ஏற்பாடு. இரண்டுக்குமே ஓரிரு நொடி அவகாசம் வேண்டும். புதியவர்கள் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். பூட்டப் போகும் நேரத்தில் எடுத்தால் எப்படிப் பூட்டும்? அதிகமாக்காமல், குறைக்காமல், காலை ஒரே அளவில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இது சொல்ல எளிது. எனக்குக் கைவர, அதாவது கால்வர, வெகு நாளாயிற்று.

மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியரில் போடாமல் கிளட்சைப் பாதி அழுத்தி ஏற்றுவது, பாய்கிற தவறின் தம்பி. அரை மணி நேரத்தில் கிளட்ச் கருகும் வாசனை வரும். ஜீப் நிறுவனம் அந்தக் கலிஃபோர்னியப் பாதையின் பெயரையே வைத்து விற்கும் ரூபிகான் மாடலில் லோ ரேஞ்ச் விகிதம் 4:1. அதாவது வண்டி நான்கில் ஒரு பங்கு வேகத்தில் போகும், இழுவை நான்கு மடங்காகும். பாறைக்கு வேண்டியது அந்த இழுவைதான்.

கல்லை நடுவில் விடுவது

ஊருக்குள் ரோட்டில் ஒரு கல் கிடந்தால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டுவோம். வாழ்நாள் பழக்கம். பாறைப் பாதையில் இதைத் தலைகீழாக்க வேண்டும்: பெரிய கல் என்றால் டயரை அதன் மேலேயே ஏற்றுங்கள். டயர் ஏறினால் வண்டியும் கூடவே உயரும். நடுவில் விட்டால் அது ஆயில் சேம்பரிலோ டிஃபரன்ஷியலிலோ இடிக்கும். ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் அந்த டிஃபரன்ஷியலுக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் பூசணிக்காய். நாம் ஆயுத பூஜைக்கு வண்டி முன்னால் உடைக்கும் பூசணிக்காய் பரவாயில்லை. இதை உடைத்தால் ஆயில் ஒழுகி மலையிலேயே நிற்க வேண்டியதுதான். கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் ஒரு முறை படுத்துப் பாருங்கள். எது தாழ்வாகத் தொங்குகிறது, எந்தப் பக்கமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கல்லை எந்தப் பக்கம் விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை மட்டும் பார்த்து நம்புவதும் தவறு. மூன்று கதவு ஜிம்னிக்கும் ஐந்து கதவு ஜிம்னிக்கும் அது ஒன்றுதான், 210 மில்லிமீட்டர். ஆனால் ஐந்து கதவில் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 340 மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறார்கள். அதனால் மேட்டின் முகட்டை வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24க்கு இறங்கிவிட்டது. தாருக்கு இது 27. இந்தக் கோணம் புரிய மலைக்குப் போக வேண்டியதில்லை. போர்ட்டிகோ வைத்த தனி வீடுகள் இருந்த சென்னைத் தெருக்களில் இன்று அடுக்குமாடிகள். பல இடங்களில் பார்க்கிங் பூமிக்கு அடியில். அந்தச் சரிவில் ஏறி, தெருமட்டத்துக்கு வரும் விளிம்பில் நான்கு பேர் உட்கார்ந்த செடான் 'கர்ர்ர்' என்று தேய்க்கிறதே, அதுதான் முகட்டுக் கோணம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. வண்டி வாங்கிய கையோடு லிஃப்ட் கிட், பெரிய டயர், மேலே கேரியர் என்று உயர்த்திவிடுகிறார்கள். தாரின் உயரம் ஏற்கெனவே சுமார் 1.85 மீட்டர். மால் வாசலில் 2.1 மீட்டர் என்று எழுதிச் சங்கிலியில் ஒரு கம்பி தொங்கும். கேரியரில் ஸ்டெப்னியும் கட்டியிருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வருடத்தில் நான்கு நாள் மலை, மிச்ச நாளெல்லாம் நகரம் என்பவருக்கு இந்த மாற்றம் எதற்கு? சட்டமும் இடிக்கும். வாகனத்தைத் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது.

நான்கு பேர் வழி சொல்வது

ஒருவர் "ரைட்ல ஒடி" என்பார், இன்னொருவர் "வேணாம், நேரா விடு" என்பார், மூன்றாமவர் வீடியோ எடுத்துக்கொண்டே "சூப்பர்" என்பார். ஓட்டுபவர் யார் பேச்சைக் கேட்பார்? வழிகாட்ட ஒரே ஆள்தான் நிற்க வேண்டும், மற்றவர்கள் வாயை மூட வேண்டும். அவர் வண்டியைப் பார்த்தபடி நிற்பதால் அவருடைய வலது, உங்களுக்கு இடது. இந்தக் குழப்பத்துக்கு லாரிக்காரர்கள் எப்போதோ தீர்வு கண்டுவிட்டார்கள்: டிரைவர் சைடு, கிளீனர் சைடு. கூடவே கைச்சைகையும் இருந்தால் என்ஜின் சத்தத்தில் கத்த வேண்டாம். அவர் நிற்கும் இடம், வண்டி சறுக்கினாலும் உருண்டாலும் எட்டாத இடமாக இருக்கட்டும்.

ஆள் இல்லையென்றால் நீங்களே இறங்கிப் பாருங்கள். சீட்டிலிருந்து பார்த்தால் பானெட்டுக்கு முன்னால் சில அடி தூரம் தெரியாது. உங்கள் டயர் ஏறப்போகும் கல் சரியாக அங்கேதான் இருக்கும். இறங்கி நடந்தால், எந்தக் கல் ஆடுகிறது, எது ஊன்றியிருக்கிறது என்று காலே சொல்லிவிடும்.

காற்று, கயிறு

தார் ரோட்டில் 30, 32 பிஎஸ்ஐ வைக்கும் டயரை அப்படியே பாறையில் விட்டால் அது பந்து மாதிரி துள்ளும். 18, 20க்கு இறக்கினால் தரையில் படும் பரப்பு நீளமாகி, டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். இந்த ஒரு வேலைக்குச் செலவு ஒன்றுமில்லை, பலனோ பல ஆயிரம் ரூபாய் சாமானைவிட அதிகம். அதற்காக 15க்குக் கீழே போகாதீர்கள்; டயரின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இல்லாத சக்கரத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 12 வோல்ட் பம்ப்பை மறந்துவிட்டு வருவதும் அடிக்கடி நடக்கிறது. காற்றில்லாத டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும்.

இந்தத் தவறுகள் எல்லாம் வண்டியைக் கெடுப்பவை. அடுத்தது ஆளைக் கொல்வது. மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க, டிரெய்லர் கொக்கிக்கான உருண்டையில் கயிற்றைக் கட்டாதீர்கள். வெட்டி இழுக்கும்போது அது முறிந்தால், கயிற்றோடு சேர்ந்து குண்டு மாதிரி பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். உலகெங்கும் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. சேஸிஸோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்க் கொடுத்து இழுப்பதற்கு ரப்பர் மாதிரி நீளும் கைனெட்டிக் கயிறு தனியாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண டோயிங் கயிறு அதற்கு ஆகாது. கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையைப் போடுங்கள், அறுந்தாலும் வேகம் அடங்கும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்காவது விரட்டுங்கள்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் உருள்வது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த கோட்டிலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். நியூட்ரல் கூடவே கூடாது. வண்டி சாயத் தொடங்கினால் கையையோ காலையோ வெளியே ஊன்றித் தாங்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு டன்னுக்கு மேல் எடை ஐயா அது.

பாதையை விட்டு விலகுவது பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாபில், 1967 முதல் ஈஸ்டர் வாரத்தில் ஜீப் கூட்டம் நடக்கிறது. அங்கே பாறை மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். பக்கத்து மண்ணில் டயர் படக்கூடாது. அந்த மண்ணின் மேல் கருத்துப் படிந்திருப்பது உயிருள்ள மேலோடு, ஒரு முறை நசுங்கினால் தேற பல பத்தாண்டுகள் ஆகும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளியிலும் டயர் தடம் விழுந்தால் அடுத்த மழையில் அது ஓடையாகிவிடும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைந்தால், 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரும்.

இறங்கி வந்ததும் காற்றை ஏற்றிவிட்டு, ஃபோர் வீலிலிருந்து டூ வீலுக்கு மாற்றுங்கள். இந்த வண்டிகளைத் தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையில் ஓட்டினால் திருப்பங்களில் கியர்பாக்ஸ் திணறும். அதன்பின் ரோட்டில் சக்கரத்திலிருந்து தகரத்தைக் கீறுவது போலச் சத்தம் வந்தால் பதற வேண்டாம். எனக்கு ஒரு முறை டோல்கேட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சிட்டது. பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு கூழாங்கல். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், விழுந்துவிட்டது.