லொகேஷன் படப்பிடிப்பில் விளக்குகளும் கேமரா ரிக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரின் வீட்டில் நேர்காணல் எடுக்கச் சென்றிருந்தபோது, ஆயிரம் வாட் டங்ஸ்டன் விளக்குகள் இரண்டை முன்னறையில் இருந்த ஒரே சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகக் கொடுத்திருந்தோம். பேச்சு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தறிக்குப் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பிளக்கைப் பிடுங்கியபோது அதன் முட்களைத் தொட முடியவில்லை; சாக்கெட்டின் வெள்ளை முகப்பு பழுப்பேறி இளகத் தொடங்கியிருந்தது. இரண்டடி தள்ளிப் பட்டு நூல் கட்டுகள் இருந்தன. அன்றிலிருந்து, இடத்தை நேரில் பார்க்காமல் எந்தக் கருவியையும் வாடகைக்கு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். படப்பிடிப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, மனத்திலிருக்கும் காட்சிக்காகக் கருவியைத் தேர்ந்தெடுத்து, அது போய் நிற்கப்போகும் அறையை மறந்துவிடுவதால் வருபவை.

கணக்கு எளிது. நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். செல்போன் சார்ஜர் செருகும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அதாவது ஏறத்தாழ 1380 வாட். எங்கள் இரண்டு விளக்குகளும் சேர்ந்து இழுத்ததோ 8.7 ஆம்பியர். ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட் 3680 வாட் வரை தாங்கும். அதுவும் சுவருக்குள் ஓடும் ஒயர் அதற்கேற்ற தடிமனில் இருந்தால்தான். அளவு மீறினால் எம்சிபி, அதாவது மின்னோட்டத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துவிடும் என்று நம்பியிருப்பது தவறு. சற்றே மீறிய சுமைக்கு அது உடனே விழாது. அது விழுவதற்குள் தளர்ந்த சாக்கெட் சூடேறிவிடும். பழைய வீட்டுப் பியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. கேபிளைச் சுருட்டிய நிலையிலேயே பெருஞ்சுமை கொடுத்தால், சுருளுக்குள் சூடு வெளியேற வழியின்றி உறை இளகும். ஆகவே முழுவதையும் பிரித்துப் போட வேண்டும். சாக்கெட்டில் நுழையவில்லை என்பதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடும் பழக்கத்தை யாரிடம் கண்டாலும் தடுத்துவிடுங்கள். உலோக உடல் கொண்ட விளக்கைக் கையாளும் லைட்மேனுக்கு, உள்ளே மின்கசிவு ஏற்படும் நாளில் காவலாக இருப்பது அந்த முள்தான்.

அந்த முன்னறைக்கு 300 வாட் எல்இடி விளக்கு ஒன்றும், மென்மையாக்க ஒரு வெள்ளைத் துணியும் போதுமானவையாக இருந்திருக்கும். ஆனால் எல்இடியைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்டை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. பெட்டியின் மீது பெரிதாக அச்சிடும் சிஆர்ஐ எண், அதாவது விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டும் எண், எட்டு மங்கலான நிற மாதிரிகளைக் கொண்டு எடுத்த சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கான ஆர்9 என்னும் எண்ணைத் தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால் நம் மாநிறத் தோல் உயிரற்றுச் சாம்பல் படிந்தது போலத் தெரியும். அரக்கு நிறப் பட்டு அழுக்குப் பழுப்பாகப் பதிவாகும். பதிவிலேயே இல்லாத சிவப்பை எடிட்டிங்கில் முழுதாகக் கொண்டுவந்துவிட முடியாது. அறையிலிருக்கும் டியூப்லைட்டை அணைக்காமல் விடுவதும், ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடுவதும் சேர்ந்தால், ஒரே முகத்தில் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் நீலமுமாகி, ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும்.

படத்தில் கருங்கோடுகள் மேலும் கீழும் நகர்வதைக் கண்டதும் கேமரா பழுது என்று பலர் பதறுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கேமராவில் நொடிக்கு 30 பிரேமும் (படமும்) 1/60 நொடி ஷட்டரும் வைத்திருந்தால் இந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் முழுத் துடிப்புகள் இரண்டு அடங்கிவிடும், கோடுகள் மறையும். 24 பிரேமில்தான் எடுக்க வேண்டுமென்றால், ஷட்டர் நேரத்தைக் கோணமாகக் குறிக்கும் கேமராவில் 180 டிகிரி ஷட்டர் 1/48 நொடியாக அமைந்து சிறிய தடுமாற்றம் தரும், 172.8 டிகிரிக்கு மாற்றினால் சரியாக 1/50 ஆகிவிடும். அப்போதும் கோடு தெரிந்தால் ஊகிக்க வேண்டாம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எது காரணம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது, ஒளியைப் பத்து சதவீதத்துக்குக் கீழே குறைத்து வைத்த மலிவான எல்இடியாக இருக்கும். அதன் ஒளியைக் கூட்டிவிட்டு, விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும், துடிப்பும் இருக்காது. தள்ளி வைக்கும்போது நிழலின் விளிம்பு கூர்மையாகும் என்பதால், நடுவில் ஒரு டிஃப்யூஷன் துணியும் வேண்டும்.

இனி ரிக், அதாவது கேமராவோடு பூட்டும் துணைக் கருவிகளின் தொகுப்பு. பிளேட், 15 மி.மீ. ராடுகள், லென்ஸின் முன் வேண்டாத ஒளியை மறைக்கும் மேட் பாக்ஸ், மானிட்டர், வயர்லெஸ் கருவி என எல்லாவற்றையும் பூட்டிய கேமரா பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் எட்டடி அகல அறையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பவே முடியாது. அன்றைய ஷாட்டுக்குத் தேவையில்லாததைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம். எடையை விடவும் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, கேமராவின் அடியில் உள்ள 1/4 அங்குல ஸ்க்ரூ. ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும் கேமரா, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் விசையிலேயே மெல்லச் சுழலும். அதை இன்னும் இறுக்கிச் சரிசெய்ய முயன்றால் கேமராவின் புரியே கெட்டுவிடும். இரண்டு இடத்தில் பற்றும் பிளேட்டோ, கேமராவைச் சுற்றிப் பூட்டும் உலோகக் கூடான கேஜோதான் தீர்வு. 1/4 அங்குலத்திலிருந்து 3/8 அங்குலத்துக்கு மாற்றும் சிறிய புஷ் (புரியுள்ள உலோக வளையம்) நான்கைந்தைப் பையில் போட்டு வையுங்கள். அது இல்லாமல் அரைநாள் வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

கேமராவை மோட்டார்களால் ஆடாமல் நிறுத்தும் கிம்பல் நடுங்கினால் உடனே மோட்டாரின் வலிமையைக் கூட்டுவது பெருந்தவறு. நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் சமநிலைதான். கிம்பலை அணைத்துவிட்டு, லென்ஸ், ஃபில்டர், பேட்டரி, கேபிள் என எல்லாம் பொருத்திய நிலையில், லென்ஸ் மூடியைக் கழற்றியபின், முதலில் டில்ட் (மேல்-கீழ்), அடுத்து ரோல் (பக்கச் சாய்வு), கடைசியாக பேன் (இட-வலம்) என்ற வரிசையில் சரிபாருங்கள். கேமராவை வானம் பார்க்க நிறுத்திக் கையை எடுத்தால் அது அப்படியே நிற்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ சரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ் என்றால், ஜூமை மாற்றிய ஒவ்வொரு முறையும் சமநிலை கெடும். சமநிலை சரியாக இருந்தும் நடுங்கினால், ஏதோ ஒரு பிளேட் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள்.

மானிட்டருக்குக் கேமராவின் படத்தைக் கொண்டுபோகும் எஸ்டிஐ கேபிள் இணைப்பதில் ஒரு வரிசை உண்டு. அதைத் தெரியாமல் பல கேமராக்களின் எஸ்டிஐ போர்ட் எரிந்திருக்கிறது. முதலில் பவர் கேபிள், அதன்பின் எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, அதன்பின் பவர். மாற்றிச் செய்தால், பவர் இணைப்பில் ஏற்படும் திடீர் மின்னோட்டம் எஸ்டிஐ கேபிளின் வழியாகக் கேமராவின் மென்மையான சர்க்யூட்டுக்குள் பாய்ந்துவிடக்கூடும்.

விளக்கின் ஒளியை மென்மையாக்கப் பூட்டும் பெரிய துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ், கடற்கரையில் கப்பற்பாய். மாமல்லபுரத்துக் காற்றில் மணல் மூட்டை இல்லாத ஸ்டாண்ட் ஐந்து நிமிடம் நிற்காது. கால்கள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும் சி-ஸ்டாண்டில் உயரமான கால், விளக்கு நீளும் திசையில் இருக்க வேண்டும்; மணல் மூட்டையை அந்தக் காலின் மீதே போட வேண்டும்.

கடைசியாக, ஏசி காரிலோ அறையிலோ குளிர்ந்த கேமராவைச் சென்னையின் புழுக்கத்தில் திறந்த நொடியே லென்ஸில் ஈரம் படிந்து பூத்துவிடும். அதைத் துணியால் துடைத்தால் மீண்டும் பூக்கும். லென்ஸைக் கழற்றினாலோ ஈரம் சென்சார் வரை போகும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்து, உள்ளே இருப்பது வெளிவெப்பத்துக்கு வர விடுங்கள். அந்த அரைமணி நேரத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பியூஸ் கட்டையையும் சாக்கெட்டுகளையும் ஒருமுறை பார்த்து வந்துவிடலாம்.