கார்மினில் போட்ட ஃபிளைட் பிளானை டைனான் திரையில் வரவழைப்பது எப்படி?

அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டிய வேன்ஸ் ஆர்வி ரக விமானம் ஒன்றின் காக்பிட்டை எட்டிப் பாருங்கள். பேனலில் ஜிபிஎஸ் வழிகாட்டும் கருவியான கார்மின் ஜிஎன்எஸ் 430டபிள்யூ இருக்கும், பக்கத்திலேயே வரைபடமும் விமானத்தின் நிலையும் காட்டும் பெரிய டைனான் ஸ்கைவியூ திரை இருக்கும். விமானியின் மடியில் பயணத்தைத் திட்டமிடும் ஃபோர்ஃபிளைட் ஆப் ஓடும் ஐபேட். மூன்றும் மூன்று கம்பெனி. எந்தெந்தப் புள்ளி வழியாகப் போவது என்ற ஒரே ஃபிளைட் பிளானை மூன்றிலும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தால் நேரமும் வீண், எங்காவது ஒரு எழுத்தும் மாறிப்போகும். ஒன்றில் போட்டதை மற்றொன்றுக்கு அனுப்ப வழி இருக்கிறது. ஜிஎன்எஸ், ஸ்கைவியூ ஜோடியையே உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு கார்மின் கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கிராஸ்ஃபில் என்ற வசதியில் பிளானைப் பரிமாறிக்கொள்ளும். வேறு பிராண்டோடு அது நடக்காது. கம்பி வழியாக ஜிஎன்எஸ் பேசும், ஸ்கைவியூ கேட்கும், அவ்வளவுதான். ஸ்கைவியூவில் நீங்கள் மாற்றுவது அந்தக் கம்பியில் திரும்பிப் போகாது. அதனால் முதல் படி கம்பியே அல்ல.

படி 1: எது தலைமை என்று முடிவு செய்யுங்கள்

கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறக்கும் ஐஎஃப்ஆர் பயணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதற்கென்று சான்று பெற்ற ஜிஎன்எஸ்தான் தலைமை. திட்டம் அங்கே பிறக்க வேண்டும், மாற்றமும் அங்கேதான் நடக்க வேண்டும். ஸ்கைவியூ அதைக் காட்டும் திரை. நல்ல வெளிச்சத்தில் தரையைப் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் என்றால் ஸ்கைவியூவின் சொந்தத் திட்டமே போதும்.

படி 2: கம்பி

இரண்டு வழி உண்டு. எளியது ஆர்எஸ்-232 சீரியல். ஜிஎன்எஸ்ஸின் அவுட் கம்பி ஸ்கைவியூவின் இன் கம்பிக்குப் போக வேண்டும், இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் இருக்க வேண்டும். அனுப்பும் கம்பியை அனுப்பும் கம்பியோடு சேர்த்துவிட்டால் ஒரு எழுத்துகூட வராது.

இன்னொன்று ஏரிங்க் 429, விமானக் கருவிகள் பேசிக்கொள்வதற்கென்றே உள்ள முறை. முறுக்கிய ஜோடிக் கம்பி, மேலே ஷீல்டு. ஏ-யை ஏ-யோடும் பி-யை பி-யோடும் சேர்க்க வேண்டும். இந்த முறையில் ஒருவர் மட்டுமே அனுப்புவார், 20 கருவிகள் வரை கேட்கலாம். ஒவ்வொரு செய்தியும் 32 பிட் நீளம். அதன் தொடக்கத்தில் இருக்கும் லேபிள் எண்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். 312 என்றால் தரை வேகம், 116 என்றால் பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம், 121 என்றால் விமானத்தை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ப்பது என்று ஆட்டோபைலட்டுக்குச் சொல்லும் ரோல் கட்டளை. கடைசியாகச் சொன்னது சீரியலில் கிடையாது. தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும் அப்ரோச் பாதையை ஆட்டோபைலட் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்றால் ஏரிங்க் தேவை. ஸ்கைவியூவில் அதற்குத் தனி ஏரிங்க் மாட்யூல் வாங்கிப் போட வேண்டும். காசு செலவுதான், ஆனாலும் ஐஎஃப்ஆர் பறப்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

கம்பி செருகும் கனெக்டரின் பின் எண்களை இன்ஸ்டலேஷன் மேனுவலில் பார்த்து மட்டுமே இணையுங்கள். இப்படிச் சொந்தமாகக் கட்டிய எக்ஸ்பெரிமென்டல் வகை விமானத்தில் இதை உரிமையாளரே செய்யலாம். செஸ்னா போலச் சான்றிதழ் பெற்ற விமானத்தில் உரிமம் உள்ள மெக்கானிக்கிடமோ விமான மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் ஏவியானிக்ஸ் கடைக்கோதான் போக வேண்டும்.

படி 3: ஜிஎன்எஸ் பக்க அமைப்பு

என்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஜிஎன்எஸ்ஸை ஆன் செய்தால் கன்ஃபிக் பக்கங்கள் திறக்கும். சீரியல் பக்கத்தில், நீங்கள் கம்பி போட்ட சேனலின் அவுட்புட்டை ஏவியேஷன் என்ற தரவு வடிவத்தில் வையுங்கள்.

ஏரிங்க் பக்கத்தில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அவுட்புட் வகையில் வெறும் ஏரிங்க் 429 என்றும் காமா 429 என்றும் இரண்டு இருக்கும். ஃபிளைட் பிளான் முழுதாகப் போக வேண்டும் என்றால் காமாவைத்தான் எடுக்க வேண்டும். மற்றதை எடுத்தால் இப்போது போய்க்கொண்டிருக்கும் பாதையின் ஊசி மட்டும் அசையும், வழியில் உள்ள அடுத்தடுத்த புள்ளிகளான வேபாயின்ட்கள் வராது. பார்ப்பவருக்கு எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும்.

படி 4: ஸ்கைவியூ பக்க அமைப்பு

செட்அப் மெனுவில் அந்த சீரியல் போர்ட்டுக்குப் போய், வருவது ஏவியேஷன் வடிவம், வேகம் 9600 என்று சொல்லுங்கள். ஏரிங்க் என்றால் வேகம் லோ அல்லது ஹை. லோ என்பது நொடிக்கு 12.5 கிலோபிட், ஹை என்பது 100. அனுப்புபவர் லோ என்றால் கேட்பவரும் லோ.

படி 5: தரையிலேயே சோதனை

விமானத்தை ஹேங்கருக்கு வெளியே கொண்டு வாருங்கள், ஜிபிஎஸ் நன்றாகப் பிடிக்கட்டும். சிறிய பிளான் ஒன்று போதும்: ஓரிகானில் அரோரா விமான நிலையத்திலிருந்து நியூபெர்க் விஓஆர் என்ற ரேடியோ வழிகாட்டி நிலையம் வழியாக யூஜீன். ஜிஎன்எஸ்ஸில் போட்டுவிட்டு ஸ்கைவியூ வரைபடத்தைப் பாருங்கள். கோடு வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். மூன்று பெயரும் அதே வரிசையில் இருக்கின்றனவா, ஒவ்வொரு துண்டின் திசையும் தூரமும் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் ஜிஎன்எஸ்ஸில் யூஜீனுக்கு நேராகப் போகச் சொல்லும் டைரக்ட்-டு கொடுங்கள். ஸ்கைவியூவும் கூடவே மாற வேண்டும். தூரத்தில் கடைசி இலக்கம் வேறுபட்டால் கவலை வேண்டாம். ஏவியேஷன் வடிவம் இடத்தை நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு வரைதான் சொல்லும். அட்சரேகையில் அது சுமார் 18.5 மீட்டர்.

போவது வேபாயின்ட் புள்ளிகள்தான் என்பதை மனதில் வையுங்கள். ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து ஒரே தூரத்தில் வளைந்து போகும் டிஎம்இ ஆர்க் போன்ற பாதை சீரியல் வழியே வந்தால் திரையில் நேர்கோடாகத் தெரியலாம். அப்போது ஜிஎன்எஸ் திரையைத்தான் நம்ப வேண்டும்.

இனி ஐபேட்

ஸ்கைவியூவுக்கு வைஃபை அடாப்டர் போட்டிருந்தால் ஃபோர்ஃபிளைட்டிலிருந்து பிளானை நேராக அனுப்பலாம். மிகவும் வசதி. ஆனால் அந்தப் பிளான் ஸ்கைவியூவோடு நின்றுவிடும், ஜிஎன்எஸ்ஸுக்குப் போகாது. இப்போது ஒரே விமானத்தில் இரண்டு பிளான்கள். ஸ்கைவியூ திரையில் திசையையும் பாதையையும் காட்டும் எச்எஸ்ஐ, ஜிஎன்எஸ், ஸ்கைவியூ இரண்டில் எந்த மூலத்தைக் காட்டுகிறதோ அதைத்தான் டைனான் ஆட்டோபைலட் பின்பற்றும். ஒன்றில் பழைய பாதையும் மற்றொன்றில் புதிய பாதையும் இருந்து, மூலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் விமானம் வேறு பக்கம் திரும்பும். இந்த விளக்கத்திலேயே ஆபத்தான இடம் இதுதான், கவனமாக இருங்கள்.

இதைத் தவிர்க்க, ஐபேட் பிளானைத் தலைமைக் கருவிக்கே அனுப்ப வேண்டும். 430டபிள்யூவோடு கார்மினின் ஃபிளைட் ஸ்ட்ரீம் 210 என்ற வயர்லெஸ் கருவி சேர்ந்தால் ப்ளூடூத் வழியாக அது நடக்கும். வந்த பிளான் தானாக ஓடத் தொடங்காது, நீங்கள் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஸ்கைவியூவுக்குக் கம்பி வழியே தானாகப் போய்விடும்.

அனுப்பும் முன் இரண்டைச் சரிபாருங்கள். 430டபிள்யூவுக்கு ஏர்வே, அதாவது பெயரிட்ட வான்வழிப் பாதை, என்றால் தெரியாது, வழியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத்தான் போகும். ஒரு பிளானில் அது ஏற்பது 31 வேபாயின்ட்கள் வரைதான். நீண்ட பயணத்தை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். அடுத்தது டேட்டாபேஸ். வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும். ஐபேட் புதுசாகவும் ஜிஎன்எஸ் பழசாகவும் இருந்தால் ஐபேடுக்குத் தெரிந்த புள்ளி ஜிஎன்எஸ்ஸில் இருக்காது. இரண்டின் டேட்டாபேஸையும் ஒரே நாளில் புதுப்பிப்பதை வழக்கமாக்குங்கள்.

பறக்கும்போது கட்டுப்பாட்டாளர் பாதையை மாற்றிச் சொன்னால் ஜிஎன்எஸ்ஸில் மட்டும் மாற்றுங்கள். அடுத்த வேபாயின்டின் பெயரை இரண்டு திரையிலும் வாய்விட்டுப் படியுங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் ஆட்டோபைலட்டை, நீங்கள் வைத்த திசையிலேயே பறக்கும் ஹெடிங் மோடில் போட்டுவிட்டு, அப்புறம் காரணத்தைத் தேடுங்கள்.