டிகிரி படிக்கும்போதே சட்டக் கல்லூரிக்குத் தயாராவது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் பி.ஏ., பி.காம். படித்துக்கொண்டே "அடுத்து லா" என்று சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர். எந்த டிகிரி என்பது பெரிய விஷயமில்லை. அதில் எடுக்கும் மார்க்தான் விஷயம்.

முதல் வேலை: மார்க்

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டிகிரி மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. விண்ணப்பிக்க 45 சதவீதம் போதும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. ஆனால் அது வாசல்படி மட்டும்தான். சீட் கிடைக்க அதைவிட நிறைய வேண்டும். 2017 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருப்பதால் மதுரைக்குப் பெட்டி கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. அரியர் மட்டும் வைக்காதீர்கள்.

இரண்டாவது: ஒரு சட்டத்தைப் படித்துப் பாருங்கள்

பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதைவிட இது மேல் என்பேன். நமக்குத் தெரிந்த மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். இதற்கு அடிப்படை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதை இணையத்தில் தேடி எடுத்து, நோட்டில் நான்கு கேள்வி எழுதுங்கள்: யாருக்குத் தடை? யாருக்கு விலக்கு? மீறினால் என்ன தண்டனை? அதை விதிக்கும் அதிகாரி யார்? அப்புறம் ஐந்தாவதாக ஒன்று: என்ஜின் பொருத்திய வல்லம் (சிறு படகு) எந்தக் கணக்கில் வரும்? ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நீங்கள் வரையறைப் பிரிவைப் புரட்டி, எந்தப் பிரிவு, எந்த வரி என்று காட்டிப் பதில் எழுதுங்கள். சட்டக் கல்லூரியில் உங்களிடம் கேட்கப்போவது பெரும்பாலும் இந்த வேலையைத்தான்.

மூன்றாவது: நீதிமன்றத்தில் உட்காருங்கள்

பொதுவாக வழக்கு விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம். கல்லூரிக்கு லீவாகவும் கோர்ட்டுக்கு வேலை நாளாகவும் பார்த்து ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் வேண்டாம், உங்களை வக்கீல் என்று நினைத்து யாராவது கேஸ் கட்டோடு வந்து "சார், நம்ம கேஸ் எப்போ?" என்பார்கள். முக்கால்வாசி வழக்கு வாய்தாவிலேயே போகும். அலுத்துக்கொள்ளாமல், வக்கீல் குமாஸ்தா யாரையாவது பிடித்து, "அண்ணே, இன்னைக்கு சாட்சி விசாரணை எந்தக் கோர்ட்டுல?" என்று கேளுங்கள். ஒரு குறுக்கு விசாரணையை முழுசாகப் பார்த்தாலே, வக்கீல் தொழிலில் கத்துவது எவ்வளவு குறைவு என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலம்

கீழ் நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் ஓடும். மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலோ எல்லாம் ஆங்கிலம். உச்ச நீதிமன்றத் தளத்தில் பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வாரம் நாலு பக்கம் படித்தாலும் சரி.

கடைசி செமஸ்டரில் சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பைக் கவனித்துவாருங்கள். பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள்.